திறந்த காரின் முதுகெலும்பு கதவுக்குக் கீழே இருக்கிறது

கூரை இல்லாத பழைய காரின் கதவை மூடிவிட்டு, அதன் பின் விளிம்பின் மேற்பகுதியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். பாதி கதவின் மேலும் பாதி பாடியின் மேலுமாக இருக்க வேண்டும். பென்சிலால் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டு, இடுக்கு இருக்கும் இடத்தில் டேப்பை பிளேடால் கீறிவிடுங்கள். பிறகு கனத்த ஆட்கள் இருவரை மேலிருந்து இறங்கி இருக்கைகளில் உட்காரச் சொல்லுங்கள். கோடு ஒரே கோடாக நின்றால் நிம்மதி. கதவுப் பக்கத்துக் கோடும் பாடிப் பக்கத்துக் கோடும் ஏறி இறங்கினாலோ, இடுக்கு குறுகினாலோ, அந்தக் கார் நடுவில் வளைகிறது என்று பொருள்.

செங்கோட்டையில் என் பட்டறைக்கு வந்த ஒரு 1966-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. காரில் (இங்கிலாந்தில் செய்த, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்) இந்தச் சோதனையைச் செய்தபோது கோடு ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகியது. கேரளத்துப் புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்ற கார். வாங்கியவர் தென்காசிக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஓய்வு நாள்களில் வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் ஆசை அவருக்கு. "எஞ்சின் ஓடுகிறது அண்ணாச்சி, பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும்" என்றார். "பெயிண்ட் கடைசி வேலை தம்பி, முதலில் இதைப் பாருங்கள்" என்று அந்தக் கோட்டைக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

மூடிய காரில் கூரையும் தூண்களும் பாரத்தில் கணிசமான பங்கைச் சுமக்கின்றன. கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை, கதவடியில் இருபுறமும் ஓடும் பெட்டித் தகடுகளும் நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் டனலும்தான். அந்தப் பெட்டியைப் பட்டறையில் சில் பேனல் என்போம். எம்.ஜி.பி.யில் அது வெளித்தகடு, உள்தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு என மூன்று அடுக்கு. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் பின் மூலையில் தங்குகிறது. ஈரம் அங்கிருந்து பெட்டிக்குள் இறங்குகிறது. வெளியே கொப்புளமாகத் துரு தெரியும்போது உள்ளே நடுத்தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இந்தக் காரில் முன்பு யாரோ வேலை பார்த்திருந்தார்கள். அழுகிய தகட்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்து, மேலே கனமாகப் பட்டி பூசி, மினுமினுக்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை சில் பேனலின் மேல் ஓட்டிப் பார்த்தால் பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு விடும். இங்கே ஒரு முழம் நீளத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோகும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைவிட, இப்படி மூடி மறைத்த அழுகலை வெட்டி எடுக்கும் செலவு பல மடங்கு ஆகும்.

சில் பேனலை மாற்றுவதில் பெரும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. காரை நடுவில் மட்டும் தாங்கி நிறுத்தியோ கோணலாக ஜாக்கியில் ஏற்றியோ வைத்துக்கொண்டு பழைய தகட்டை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய அந்த நேரத்தில் பாடி எந்தக் கோணலில் தொய்ந்து நிற்கிறதோ, அதே கோணலில்தான் புதுத் தகடும் பற்றும். பிறகு கதவு ஆயுளுக்கும் சேராது. காரைச் சமதளத்தில், பாரம் ஸ்பிரிங்குகளின் மேல் இருக்கும்படி நிறுத்துங்கள். கதவைக் கழற்றும் முன் மூன்று இடங்களில் இடுக்கை அளந்து எழுதிவையுங்கள். கதவு வாசலின் முன்தூணையும் பின்தூணையும் இணைத்து ஆங்கிள் இரும்பைப் பற்றவையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடியும் வரை மறுபக்கத்தைத் தொட வேண்டாம். நான்கைந்து வெல்டிங் புள்ளி வைத்ததும் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும்; சேர்ந்தால் மேலே போகலாம், சேராவிட்டால் புள்ளிகளை உடைத்து மறுபடி தொடங்க வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூடு இந்த மெல்லிய தகட்டை நெளித்துவிடும். கம்பியும் கரியமில வாயுவும் கொண்டு பற்றவைக்கும் சிஓடூ வெல்டிங் உள்ள டிங்கரிங்காரரை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அளவெடுப்பதும் கதவு மாட்டிப் பார்ப்பதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1962 முதல் 1980 வரை, மூடிய வகையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. 1988 முதல் இங்கிலாந்தில் முழுப் பாடியையே புதிதாக அழுத்திக் கொடுக்கிறார்கள். சில் பேனலின் மூன்று அடுக்குகளும் தனித்தனியாகக் கிடைக்கும். தகரத்தை மடக்கி ஒப்பேற்ற வேண்டிய தேவையே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பழைய பிரீமியர் பத்மினி காரின் கூரையை அறுத்துத் திறந்த கார் செய்யலாம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூரையை நம்பிக் கட்டிய பாடி அது. கூரை போனால் அடியில் ஈடுகட்ட எதுவும் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அப்படி மாற்ற இடம் கொடுப்பதில்லை.

வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் நான் கோபப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவது முதலாவது. அந்தக் கல் விரிசல் காட்டிவிட்டு உடையாது. ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் காரின் அடிச்சட்டத்தின் கீழே இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுக்க வேண்டும். இரண்டாவது, பெட்ரோல் டேங்க் காரில் இருக்கும்போதே பின்பக்கம் வெல்டிங் வைப்பது. "டேங்க் காலிதான் அண்ணாச்சி" என்பார்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. கழற்றி வெளியே தூரமாக வையுங்கள். கார்ப்பெட்டையும் அதன் அடியில் ஒட்டிய தார் அட்டையையும் உரித்தெடுங்கள். பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 1967 வரை வந்த கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். வழக்கம்போல் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்தால் புதிதாக மாட்டிய மின் கருவிகள் கருகிப்போகும்.

இனி பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1966-இல் செய்த ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஹோஸ் முதலில் மெத்தென்று ஆகி, பிறகு வியர்க்கும். விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் அன்றே மாற்றுங்கள். கார்புரேட்டருக்கு நேர் அடியில் சூடான சைலன்சர் குழாய் போகும் எஞ்சின் இது. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் காரை ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கி டேங்க்கைத் துருவாக்கும்.

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுப்பதுதான். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கலாம். ஆரியங்காவிலிருந்து கோட்டைவாசல் தாண்டிப் புளியரை எஸ் வளைவு வழியாக இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால், ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரை வரை போகும். 1966-ஆம் ஆண்டு காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்று. மாற்றுச் சுற்று கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், ஹோஸ்களையும் பாருங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். பழைய பிரேக் லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் பதிவான காரை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அங்கிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த விதிப்படி விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும்தான்.

எங்கள் ஊருக்கே உரிய எதிரி சாரல். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் அந்தத் தூறல் கொட்டுவதில்லை, நனைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மழை. ஈரமான ஹூட்டை, அதாவது மடக்கும் துணிக்கூரையை, மடித்து வைத்தால் சில நாள்களில் பூஞ்சை பிடித்துத் தையல் இற்றுவிடும். ஹூட்டின் பிளாஸ்டிக் ஜன்னலை மண்ணெண்ணெயால் துடைத்தால் பால்போல் மங்கிவிடும், வெறும் தண்ணீரே போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தாதீர்கள். அடியில் வியர்த்து, மழையில் நிற்பதைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். துணி உறை போட்டு, வெயில் வரும் நாளில் கதவைத் திறந்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் சல்லடையின் அடியிலும் ஒரு வடிகுழாய் உண்டு. அது அடைத்தால் நீர் ஹீட்டர் வழியாக வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் இறங்கித் தரைத் தகட்டைத் தின்னும்.

தென்காசித் தம்பியின் காரில் சில் பேனல் வேலை முடிந்து, இருவரை உட்காரவைத்துப் பார்த்தோம். கோடு அசையவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியபோது வடிகுழாயிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. பழைய சைக்கிள் பிரேக் கம்பியை அவரே உள்ளே விட்டுச் சுழற்றினார். முதலில் கறுப்புச் சேறு வந்தது. பிறகு மக்கிப்போன ரப்பர் மர இலைகள், ஒரு கைப்பிடி. அதற்குப் பின் தண்ணீர் தரையில் தெளிவாக விழுந்தது.