டிங்கரிங்: ஒடுக்கெடுப்பும் ஒட்டுத்தகடும்

வண்டியின் உடல் தகட்டில் விழுந்த ஒடுக்கை எடுப்பது, துரு தின்ற பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது, பட்டி பூசித் தேய்ப்பது என்று பெயிண்டுக்கு முந்திய அத்தனை வேலைக்கும் நம் ஊரில் ஒரே பெயர், டிங்கரிங். செய்பவர் டிங்கர். வட இந்தியாவில் இதையே டென்டிங் என்பார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பேனல் பீட்டிங், அமெரிக்காவில் பாடி ஒர்க். டிங்கரிங் என்று பலகை எழுதி வைப்பது பெரும்பாலும் தென்னிந்தியாவும் இலங்கையும்தான். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் டிங்கர் என்பது தொழிற்பெயராக வழங்கியிருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பானை, கெட்டில் முதலியவற்றின் ஓட்டையை அடைத்துக் கொடுப்பவர் டிங்கர். வேர் எது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. சுத்தியல் எழுப்பும் ‘டிங்க் டிங்க்’ ஓசையிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். வெள்ளீயத்தைக் குறிக்கும் ‘டின்’ என்ற சொல்லோடு உறவு என்பது இன்னொன்று. காலப்போக்கில் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மதிப்பு இறங்கியது. அரைகுறையாக எதையாவது நோண்டிச் சரிசெய்வதற்கும் டிங்கரிங் என்றார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நாடோடி மக்களை இகழும் வசையாகவும் அது ஆயிற்று. அண்மைக் காலத்தில் ‘செய்து பார்த்துக் கற்பது’ என்ற நல்ல பொருளில் மறுபடி எழுந்திருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் பள்ளிகளில் அமைக்கும் அடல் டிங்கரிங் லேப் அந்தப் பொருளில்தான். நம் ஊர்ப் பெற்றோர் சிலர் அந்தப் பெயரைக் கேட்டதும் பள்ளியில் கார் பட்டறை திறக்கிறார்களோ என்று நினைத்தால் அவர்கள்மேல் தவறில்லை.

நம் தெருக்களிலும் ஒரு டிங்கர் இருந்தார். ‘ஓட்டை அடைக்கிறது, ஒடுக்கெடுக்கிறது, ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு துருத்தியும் கரியுமாக வந்து, மர நிழலில் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களைச் சரிசெய்து கொடுத்தவர். இங்கிலாந்து டிங்கர் செய்த அதே வேலைதான். அந்தக் கூவலில் உள்ள மூன்று வினைகளும் கார் பட்டறையில் இன்றும் நடக்கின்றன. ஒடுக்கெடுப்பதும் ஓட்டை அடைப்பதும் தெரிந்தவை. ஈயம் எங்கே வந்தது என்று கேட்கலாம். இன்றைய பாலியெஸ்டர் பட்டி பரவுவதற்கு முன்னால், பற்றவைத்த மூட்டின் மேடுபள்ளத்தை நிரவக் காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைச் சூடாக்கித் தடவி அரத்தால் ராவுவார்கள். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களில் சிலர் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டி என்ற சொல்லிலும் வெள்ளீயம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலப் ‘புட்டி’ பிரெஞ்சுப் ‘பொத்தே’யிலிருந்து வந்தது. மெருகேற்றுவதற்காகச் சுட்டுப் பொடித்த வெள்ளீயத் தூளுக்கு அது ஒரு பெயர்.

இவ்வளவு ஈயம் இருப்பதால் ‘தகர வேலை’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். அது சரிவராது. தகரம் என்பது வெள்ளீயத்துக்கும், வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டுக்கும் பெயர். கார் உடலோ எஃகுத் தகடு. சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைத் தகர டப்பா என்று சொல்லிக்கொள்ளலாம், சொல் விளக்கத்தில் கூடாது.

சரி, துருவேறிய பழைய வண்டிக்கு ஒட்டுப்போடுவது என்றால் என்ன வேலை என்று பார்த்தால்தான் எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்பது விளங்கும். அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைப் பின்பற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்த கார். அதற்கு உடலைத் தாங்கும் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியில் துரு புகுந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் முதுகெலும்பே தளர்கிறது. தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளே தங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதனால் பெயிண்ட் கொப்பளிக்கும். கொப்புளம் வெளியே தெரியும்போது தகடு உள்பக்கமிருந்து பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிவிட்டு மெக்கானிக் சொல்வார்: ‘சார், இத்துப்போச்சு.’ இந்த இடத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. இற்றுப்போதல் என்பதன் பேச்சு வடிவம் அது. இறுதல் என்றால் ஒடிதல், முறிதல், முடிதல். உருவம் இருக்கும், வலு இருக்காது.

இற்ற பகுதியை நல்ல தகடு தட்டுப்படும்வரை வெட்டி எடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் புதுத் தகட்டின் ஓரத்திலேயே மறுபடி துரு தொடங்கும். அடியில் நீளமாக வெட்டுவதாயிருந்தால் கதவுகளை மாட்டியபடியே, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று போவார்கள், குறுக்குத் தாங்கலும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உடல் தொங்கிக் கதவு பொருந்தாமல் போகும். அப்புறம் அட்டையில் ஓட்டையின் அளவுக்கு அச்சு வெட்டி, அதைத் தகட்டில் வைத்துக் கோடு கிழிப்பார்கள். தகட்டைக் கேஜ் கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். எண் கூடக்கூடத் தடிமன் குறையும்: 22 கேஜ் ஏறக்குறைய 0.7 மி.மீ., 20 கேஜ் 0.9, 18 கேஜ் 1.2. பழைய தகட்டின் தடிமனுக்கு நெருங்கியதே நல்லது. துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காதே என்று வாங்கினால், பற்றவைக்கும்போது பூச்சு புகையாகும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

வளைவு எடுக்கப் பின்னால் டாலி என்ற கையடக்க இரும்புக் கட்டியைப் பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டுவார்கள். டாலிக்குத் தமிழ் வேண்டுமென்றால் கைப்பட்டடை என்பேன். கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லைக் குறிக்கும் பட்டடை திருக்குறளின் 821ஆம் குறளில் இருக்கிறது, பட்டறை என்பதும் அதன் உறவுதான்.

இனி பற்றவைப்பு. மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்து, கடைசியில் புள்ளிகளை இணைப்பதுதான் முறை. தகட்டின் மேல் தகடு ஏற்றி ஒட்டுவது எளிது, ஆனால் இடுக்கில் தண்ணீர் நிற்கும். விளிம்போடு விளிம்பு சேர்ப்பதற்குக் கை தேர்ந்திருக்க வேண்டும். கடைசியில் துருவைத் தடுக்க அடிக்கும் ரெட் ஆக்சைடு பூச்சில் இருப்பதும் இரும்பு ஆக்சைடு நிறமிதான், துருவின் நெருங்கிய உறவு. இந்த வேடிக்கையைப் பட்டறையில் யாரும் கண்டுகொள்வதில்லை.

வெல்டிங்கைப் பற்றவைப்பு என்றும், வேறோர் உலோகத்தை உருக்கி இரண்டை இணைக்கும் சால்டரைப் பற்றாசு என்றும் பிரித்துச் சொல்லலாம். பற்றாசு பழஞ்சொல். யாப்பிலக்கணம் படித்தவர்கள் இதை ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். இரண்டு குறட்பாக்களைத் தனிச்சொல் கொண்டு நேரிசை வெண்பாவாக இணைக்கும்போது, முதற்குறளின் கடைசிச் சீர் தனிச்சொல்லோடு பொருந்துவதற்காக ஓரிரு அசை சேர்ப்பார்கள். அந்த அசைக்குப் பெயர் ஆசு. பாடல் ஆசிடை நேரிசை வெண்பா. பொற்கொல்லரின் பற்றாசைத்தான் இலக்கணக்காரர்கள் அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

டிங்கரிங்குக்கு ஒரே சொல்லாகச் சிலர் ‘ஒடுக்கு நீக்கல்’ என்று எழுதுகிறார்கள். அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. துருப்பிடித்த வண்டியில் ஒடுக்கே இல்லாமலும் இருக்கலாம். என் தெரிவு: மொத்த வேலைக்கும் தகட்டுப்பணி, அதற்குள் நசுங்கலை நிமிர்த்துவது ஒடுக்கெடுப்பு, வெட்டி இணைப்பது ஒட்டுத்தகடு வைத்தல். ஒட்டு என்பதைச் சட்டையில் ஏற்கெனவே போட்டுவிட்டோம், காருக்குக் கொண்டுபோவதில் சிரமம் இல்லை. பட்டறையில் போய்த் தகட்டுப்பணி என்றால் ஒரு கணம் விழிப்பார்கள், உண்மைதான். ஒட்டுத்தகடு என்றால் உடனே புரியும்.

இந்தப் பிரிவினைக்குப் பணக் கணக்கும் உண்டு. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைத் தயார்செய்யும்போது பில்லில் ‘டிங்கரிங்’ என்று ஒரே வரிதான் வரும். தகடு மாற்றினார்களா, ஓட்டையில் கம்பிவலையைத் திணித்து மேலே பட்டி அப்பினார்களா என்பது அந்த வரியில் தெரியாது. பெயிண்டுக்கு முன்பே எத்தனை இடத்தில் ஒட்டுத்தகடு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு சந்தேகம் வந்தால், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமாக இருந்தால் காந்தம் பிடிக்காமல் வழுக்கி விழும்.