கடல் முன்பும் ஏறியதே, இப்போது மட்டும் என்ன?

"கடல் காலங்காலமாக ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் எரிந்துவிழத் தேவையில்லை. அவர்கள் சொல்வது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்று இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. அப்போது புகை கக்க எந்த ஆலையும் இல்லை. ஆனால் இன்றைய ஏற்றம் அந்தப் பழைய சுழற்சி அல்ல, மனிதர் கக்கும் புகை பூமியைச் சூடாக்குவதால் வருவது.

அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பூமியின் நடை. சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவம் சுமார் ஒரு லட்சம் ஆண்டுச் சுற்றில் மாறுகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுச் சுற்றில் கூடிக் குறைகிறது. அந்த அச்சும் பம்பரம்போல மெல்லத் தலையாட்டுகிறது. செர்பிய விஞ்ஞானி மிலங்கோவிச் இதையெல்லாம் கையாலேயே கணக்கிட்டார். வடக்கே கோடை வெயில் குறைந்தால் பனி கரையாமல் சேரும், கடல் உள்வாங்கும். வெயில் கூடினால் பனி கரைந்து கடல் ஏறும்.

சரி, அந்தச் சுழற்சி இப்போது எந்தப் பக்கம் போகிறது? இதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக வடக்கின் கோடை வெயில் மெல்லக் குறைந்துதான் வருகிறது. சுழற்சியை மட்டும் நம்பினால், பூமி மிக மெதுவாகக் குளிர வேண்டும். சூரியன் கூடுதலாகக் காய்கிறதா என்றால், 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதை அளந்துவருகின்றன. 11 ஆண்டு ஏற்ற இறக்கம் தெரிகிறது, நீடித்த ஏற்றம் எதுவும் இல்லை.

அடுத்த சந்தேகம் இன்னும் சுவையானது. ஸ்டாக்ஹோமில் கடல் மட்டம் இறங்குகிறதே? ஆமாம், இறங்குகிறது. பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவைக் கிலோமீட்டர் கணக்கில் கனத்த பனி அமுக்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவர் எழுந்ததும் பஞ்சுமெத்தை நிமிர்வதுபோல, பளு நீங்கிய நிலம் இன்றும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே கடல் ஏறும் வேகத்தை நிலம் எழும் வேகம் முந்திவிடுகிறது. ஒரே ஒரு துறைமுகத்து அளவுகோலை வைத்து உலகக் கடலை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனால்தான் 1992இல் தொடங்கி, சுமார் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் ரேடார் மூலம் கடல் முழுவதையும் அளக்கிறார்கள். அந்தக் கணக்கிலும் 2010-11இல் கடல் சில மில்லிமீட்டர் இறங்கியது. பசிபிக் கடலின் ஒரு பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா காலம் அது, மழை ஆஸ்திரேலியாவில் கொட்டித் தீர்த்தது. அங்கே உள்நாட்டில் விழும் மழையில் பெரும்பகுதி கடலுக்கு ஓடாது, நிலத்திலேயே தேங்கும். அந்த நீர் ஆவியாகித் திரும்பியதும் கடல் பழைய ஏறுமுகத்துக்கே வந்துவிட்டது. இயற்கைச் சுழற்சி என்பது இதுதான்: போகும், வரும்.

இன்றைய ஏற்றம் அப்படிப்பட்டதல்ல என்று என்னை முழுதாக நம்பவைத்தது வேறொன்று. ஆர்கோ மிதவைகள் கிட்டத்தட்ட 4,000 கடலில் அலைகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நாளுக்கொரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து வெப்பத்தை அளந்தபடியே மேலேறி, தகவலை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகிறது. சூடாகும் நீர் எவ்வளவு விரிகிறது என்பது அதில் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், 2017 வரை கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2018 முதல் அவற்றின் வாரிசுகளும் ஈர்ப்புவிசை மாற்றத்தை வைத்துப் பனியையே எடைபோட்டுவருகின்றன. சுமார் 36,000 கோடி டன் நிலத்துப் பனி கரைந்தால் கடல் ஒரு மில்லிமீட்டர் ஏறும். இந்த இரண்டு கணக்கையும் கூட்டினால், ரேடார் காட்டும் ஏற்றத்தோடு பெருமளவு ஒத்துப்போகிறது. ஏறும் வேகமோ 1993இல் இருந்ததைப்போல இன்று சுமார் இரண்டு மடங்கு.

உண்மையில் சந்தேகத்துக்கு இடமிருப்பது வேறு இடத்தில். மேற்கு அன்டார்க்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு, கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போகப்போக அந்தத் தரை இன்னும் ஆழமாகிறது. உறைநிலையைவிடச் சில டிகிரி மட்டுமே கூடுதலான கடல்நீர் அடியில் புகுந்து அதை அரிக்கிறது. அது முழுதும் கரைந்தால் கடல் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். அதற்கு நூறு ஆண்டா, பல நூறு ஆண்டா என்பதில்தான் ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.