கொஸ்ட் சென்ரர்: கிரய மையமா, செலவு மையமா?

நிறுவனத்தின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் வைக்கும் நிறுவன வளத் திட்டமிடல் முறைமையில் (ஈ.ஆர்.பி.) ஒரு கரண்ட் பில்லைப் பதியப் போனால் இரண்டு கேள்விகள் வரும். எந்தக் கணக்கு? எந்தக் கொஸ்ட் சென்ரர், அதாவது அந்தத் தொகையைச் சுமக்கும் பகுதி எது? முதலாவது நிதிக் கணக்கீட்டின் கேள்வி. வங்கிக்கும் வரித் திணைக்களத்துக்கும் காட்டும் இலாப நட்டக் கணக்கில் அந்தத் தொகை எந்தத் தலைப்பில் போய் உட்காரும் என்று அது கேட்கிறது. இரண்டாவது முகாமைக் கணக்கீட்டின் கேள்வி. அந்த மின்சாரத்தை ஆலையின் எந்தப் பகுதி எரித்தது?

இந்தச் சொல்லைத் தமிழில் எழுத வரும்போது சிலர் செலவு மையம் என்கிறார்கள், சிலர் கிரய மையம் என்கிறார்கள். கிரய மையமே சரி. காரணம் சொல்லழகு அல்ல. இலங்கைக் கணக்கீட்டுத் தமிழில் ‘செலவு’ ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது.

எங்கள் பாடசாலைகளில் கணக்கீடு படித்தவருக்கு டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. வா என்பதிலிருந்து வரவு, செல் என்பதிலிருந்து செலவு. சங்கப் பாட்டில் தலைவன் பயணம் போவதே செலவுதான். கணக்குக்குள் வருவது வரவு, அதைவிட்டுப் போவது செலவு என்று பார்த்தால் காசுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் கிடையா. ஆகவே கரண்ட் பில்லை இப்படிப் பதிவோம்: மின்கட்டணக் கணக்கு வரவு, கடன்கொடுத்தோர் கணக்கு செலவு. இதற்குப் பக்கத்தில் ‘செலவு மையம்’ என்று ஒரு கட்டம் இருந்தால் புதிதாக வந்த பிள்ளை அதைக் கிரெடிட் பக்கத்துக் கட்டம் என்று நினைப்பதில் பிழையில்லை. அந்தக் கட்டமோ வரவு வரிக்கு உரியது. மின்கட்டணம் போன்ற செலவினக் கணக்குக்குத்தான் மையம் கேட்கும். காசு, கடன்கொடுத்தோர் போன்ற, சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகைக் கணக்குகளுக்குப் பொதுவாகக் கேட்காது.

தமிழ்நாட்டில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. எங்களுக்கு டெபிட்டான அதே சொல் அங்கே கிரெடிட். ஆரம்ப மீதிகளை எக்செல் தாளில் ஏற்றும்போது இதில் வரும் பிழை பொல்லாதது. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்புள்ள தாளில் ‘வரவு’ என்ற நிரலைக் கண்டு நாங்கள் டெபிட் தொகைகளைப் போட்டுவிட்டால், இரண்டு பக்கமும் முழுதாக இடம் மாறும். ஆனாலும் பரீட்சை மீதி (ட்ரயல் பலன்ஸ்) சமன்படும். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றுதானே. முறைமை ஒரு சத்தமும் போடாது. காசு மறைப் பெறுமதியில் நிற்கும், கடன்கொடுத்தோர் எங்களுக்குக் காசு தரவேண்டியவர்களாக மாறியிருப்பார்கள். ஏற்றியவுடன் மூன்று கணக்கைத் திறந்து பாருங்கள்: காசும் சரக்கிருப்பும் டெபிட் மீதி காட்டவேண்டும், மூலதனம் கிரெடிட் மீதி காட்டவேண்டும். எஸ்.ஏ.பி. என்ற ஜேர்மன் நிறுவனத்தின் முறைமையில் பேரேட்டுக் கணக்குகளுக்கு 40 என்ற பதிவு எண் டெபிட், 50 கிரெடிட். எண்ணைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இந்தக் குழப்பம் வராது.

கிரயம் எங்கிருந்து வந்தது? வடமொழியில் ‘கிரீ’ என்றால் வாங்கு. அதிலிருந்து கிரயம் வாங்குதல், விக்கிரயம் விற்றல். தமிழ்நாட்டில் கிரயம் என்றதும் காணி விற்கும் கிரயப் பத்திரமே நினைவுக்கு வரும். எங்கள் பேச்சில் அந்த இடத்தை ‘உறுதி’ எடுத்துக்கொண்டது. அதனால் கிரயம் ஒரு பொருளை உண்டாக்க முடிந்த தொகை என்ற பொருளில் இங்கே நிலைத்திருக்கிறது: நிலையான கிரயம், மாறும் கிரயம், மேந்தலைக் கிரயம் (ஓவர்ஹெட்). சென்னையில் இருப்பவருக்கு எழுதும்போது மட்டும் அடக்கவிலை என்று பக்கத்தில் ஒரு சொல் போட்டுவிடுங்கள்.

ஆங்கிலக் ‘கொஸ்ட்’ இலத்தீனின் ‘கொன்ஸ்தாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு விலையில் நிற்றல் என்பது அதன் அடிப்பொருள். “வீடு கட்ட எவ்வளவு முடிஞ்சது?” என்று நாங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதே நினைப்புத்தான். ‘சென்ரர்’ கிரேக்கக் ‘கென்ரொன்’. வடமொழிக் கேந்திரமும் அதே கிரேக்கச் சொல்தான். ஆனால் கொஸ்ட் சென்ரர் எதற்கும் நடு அல்ல. ஜேர்மன்காரர் இதைக் ‘கொஸ்ரன்ஸ்ரெல்ல’, அதாவது கிரய இடம், என்கிறார்கள். என்ன வகைக் கிரயம், எந்த இடத்தில், எந்தப் பொருளுக்காக என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது அவர்களது கணக்கீட்டு மரபு. 1972இல் ஜேர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. அதை அப்படியே மென்பொருளில் கொண்டுவந்தது. கருத்துக்குக் ‘கிரய இடம்’ கூடுதல் பொருத்தம். ஆனாலும் இலாப மையம், முதலீட்டு மையம் என்ற சோடிச் சொற்கள் இருப்பதால் மையத்தை விடவேண்டியதில்லை.

அச்சுவேலியில் ஒரு கறித்தூள் ஆலை என்று வைத்துக்கொள்வோம். மாத பில் 180,000 ரூபாய், 4,000 அலகு, அலகு 45 ரூபாய். துணைமானிகளின்படி வறுக்கும் பகுதி 600 அலகு, அரைக்கும் பகுதி 2,400, பொதி செய்யும் பகுதி 700, அலுவலகம் 300. முதற்பதிவில் அவற்றுக்கு முறையே 27,000, 108,000, 31,500, 13,500 போகும். மாத முடிவில் அலுவலகத்தின் 13,500ஐ ஆட்தொகைப்படி பகிர்வோம். வறுவலில் 6 பேர், அரைப்பில் 4, பொதியில் 8. ஆளுக்கு 750 ரூபாய். அரைக்கும் பகுதி 111,000க்கு வரும். அந்த மாதம் 3,000 கிலோ அரைத்திருந்தால் கிலோவுக்கு அரைப்புக் கரண்ட் 37 ரூபாய். இவ்வளவுக்குப் பிறகும் மின்கட்டணக் கணக்கு 180,000இல்தான் நிற்கிறது. பகிர்வு மையங்களுக்கிடையே மட்டும் நடந்தது. பழைய முறைமைகளில் நிதி ஏடும் கிரய ஏடும் தனித்தனி, மாத முடிவில் இணக்கம் பார்க்கவேண்டும். எஸ்.ஏ.பி.யின் 2015இல் வந்த எஸ்/4 ஹானா முறைமையில் இரண்டும் ஒரே பதிவேட்டில் இருக்கின்றன.

அதிகம் நடக்கும் பிழை எளிமையானது. மையம் போடாமல் சேமிக்க முறைமை விடாது. பின்னேரம் ஐந்து மணிக்கு அவசரத்தில் இருப்பவர் பட்டியலில் முதலில் உள்ள ‘அலுவலகம்’ என்பதைத் தட்டிவிட்டுப் போவார். நிதிக் கணக்கில் ஒரு சதமும் பிழையில்லை. ஆனால் அரைப்பில் எரிந்த 108,000 அலுவலகத்தில் விழுந்தால், ஆட்தொகைப்படி பகிரும்போது அதில் 24,000 மட்டுமே அரைப்புக்குத் திரும்பிவரும். மிச்சம் வறுவலுக்கும் பொதிக்கும் போகும். அரைப்பு மலிவாகத் தெரியும், அந்தத் தொகையை நம்பி வெளியாருக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுத்தால் கைநட்டம். ஆகவே பொறுப்பான ஒருவரும் அளக்கத்தக்க ஒரு அடிப்படையும் உள்ள இடத்துக்கு மட்டும் மையம் திறவுங்கள். மிளகாய்த்தூளுக்கு ஒன்று, சரக்குத்தூளுக்கு ஒன்று என்று திறக்கவேண்டாம். அவை பொருள்கள், இடங்கள் அல்ல.

மையத்துக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எஸ்.ஏ.பி.யில் மையத்தின் குறும்பெயருக்கு 20 இடமே உண்டு. விசிறியும் (ி) குற்றும் (மெய்யெழுத்தின் மேற்புள்ளி) தனித்தனி இடமாக எண்ணப்படும். ‘மின்பிறப்பாக்கி’ கண்ணுக்கு 8 எழுத்து, முறைமைக்கு 15. ‘மின்பிறப்பாக்கிப் பகுதி’ என்று அடித்தால் ‘மின்பிறப்பாக்கிப் பக’ என்று அறுந்து நிற்கும். ‘மின்பிறப்பாக்கி அறை’ 19இல் அடங்கும்.