பூ பார்க்கப் போனதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் புனேவில் இருப்பவர்கள் பலர் ஒரு ஞாயிறாவது காஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். மகாராஷ்டிராவின் சாத்தாராவிலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி அது. அடியில் செம்புரைக்கல், அதன்மேல் விரலளவு மண். பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் குட்டையாகும். மழை நின்றதும் வற்ற ஆரம்பித்துவிடும், அதற்குள் பூத்துக் காய்த்துவிட வேண்டும் என்று செடிகளுக்கு அவசரம். ஊதா நிறத்தில் பாறையை மூடிக் கிடக்கும் ஒரு பூவுக்கு மராத்தியில் 'சீதையின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயர். பெயர்தான் அழுகிறது, மண்ணில் சத்து போதாததால் சின்னச் சின்னப் பைகளில் பூச்சி பிடித்துத் தின்னும் செடி அது. மஞ்சளில் மிக்கி மவுஸ் பூ. குமுதினிக் குட்டையில் வெள்ளைப் பூக்கள். நானும் போய் வந்தவன்தான். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில், நாற்பதை எட்டிய ஒருவர் ஆறு நாள் காய்ச்சலோடு வந்தார். தட்டணுக்கள் குறைந்திருந்தன, டெங்கு சோதனை இல்லை என்றது. வேறெங்கோ கொடுத்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் காய்ச்சல் அசையவில்லை. "வெளியூர் எங்கேயாவது போனீங்களா?" என்றேன். "இல்ல டாக்டர், ஆபீஸ், வீடு, அவ்வளவுதான்." பக்கத்திலிருந்த மனைவி, "ரெண்டு வாரம் முன்னாடி காஸ் போனோமே, பூ பாக்க" என்றார். வழியில் ஒரு புல்வெளியில் துண்டு விரித்துச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுத்தும் இருந்திருக்கிறார்கள்.

சட்டையைத் தூக்கச் சொன்னேன். பெல்ட் அழுந்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே அது தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் ஆரம்பித்து இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

தமிழில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியைத் தேடிவிட்டு, 'என்னை எதுவும் கடிக்கவில்லையே' என்பார்கள். கடிப்பது கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவப் புழு. புல்லிலும் புதரிலும் இருக்கும். கடித்து 6 முதல் 21 நாள் கழித்துக் காய்ச்சல் வருவதால் சுற்றுலா மறந்தே போயிருக்கும். கடித்த இடத்தில் வரும் அந்தக் கருப்புப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது; இருந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி என்று ஒளிந்திருக்கும். முதல் வாரத்தில் ரத்தச் சோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம். அதனால் சந்தேகம் வந்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். அதற்காகக் கடையில் நீங்களே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு.

சரி, போகும்போது என்ன செய்வது? முழுக்கால் பேன்ட், அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். டீட் கலந்த பூச்சி விரட்டி தடவலாம். புல்லில் நேராக உட்காராமல் தார்ப்பாய் விரியுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள்.

அவர் வந்துபோன பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். மழைக்காலம் முடிகிற மாதங்களில் காய்ச்சலோடு வருபவரிடம் வெளியூர் போனீர்களா என்ற கேள்வியோடு நிறுத்துவதில்லை. "மூணு வாரத்துக்குள்ள எங்கேயாவது புல்லுல உக்காந்தீங்களா?" என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.