கண்ணாடி மாற்றினால் சரியாகாத மங்கல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். பவர் கூடிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஓர் அக்கா வந்தார். இரண்டே நாளில் ஒரு கண் மங்கியிருந்தது. கண்ணை அசைத்தால் உள்ளே வலி. சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினேன். நல்ல கண்ணுக்குப் பளிச்சென்ற சிவப்பு, மற்றதற்கு வெளுத்துப்போன செங்கல் நிறம். டார்ச் வெளிச்சத்தை நல்ல கண்ணிலிருந்து இந்தக் கண்ணுக்கு மாற்றியதும், சுருங்கியே இருக்க வேண்டிய கண்மணி விரிந்தது. பார்வை நரம்பில் கோளாறு என்று சந்தேகிக்க இது போதும்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: சில மாதங்களுக்கு முன் நாள்கணக்கில் நிற்காத விக்கல், வாந்தி. வயிற்றுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., நினைவுக்கு வர வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அரிய நோய் இது. மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தையும் அது தாக்கலாம்; நிற்காத விக்கலும் வாந்தியும் அதனால் வரக்கூடும். பெண்களுக்கே அதிகம் வருகிறது. நெடுங்காலம் இதை, எதிர்ப்புச் சக்தி மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் (எம்.எஸ்.) ஒரு வகையாகவே கருதினார்கள். 2004இல் இதற்கே உரிய ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம், தெரியவந்தது. அது அக்குவாபோரின்-4 என்ற புரதத்தைக் குறிவைக்கிறது என்று மறு ஆண்டு கண்டார்கள். பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியாது. இன்டர்ஃபெரான் பீட்டா போன்ற எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும்.

இதைப் பார்க்க வேண்டியவர் நியூரோ-ஆஃப்தல்மாலஜிஸ்ட், அதாவது நரம்பு சார்ந்த பார்வைக் கோளாறுகளைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவர். அவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவருடைய அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் போல, கண் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதலில் இரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு. அது போதாவிட்டால் பிளாஸ்மா மாற்று, அதாவது அந்த ஆன்டிபாடி கலந்த இரத்த நீரை வெளியேற்றி வேறு திரவம் ஏற்றுவது. தாமதித்தால் போன பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். அக்காவின் கடிதத்தில் "அவசரம்" என்று பெரிதாக எழுதி, அன்றே தம்பியோடு அனுப்பிவைத்தேன்.

தாக்குதல் அடங்கியதும் நிதானமாகத் தேடலாம். மலேசியாவின் தேசிய சிறப்பு மருத்துவர் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதோடு, கண் பிரிவில் நியூரோ பார்ப்பவர் யார் என்று கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். அக்குவாபோரின்-4 ஆன்டிபாடிக்கான இரத்தப் பரிசோதனை ஆயிற்றா, அதைக் கூடுதல் துல்லியமான செல் அடிப்படையிலான முறையில்தான் (cell-based assay) செய்தார்களா என்றும் கேளுங்கள். பிளாஸ்மா மாற்றுக்கு முன்பே இரத்தம் எடுப்பது நல்லது.

போகும்போது எம்.ஆர்.ஐ. சிடியைக் கொண்டுபோங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. எப்போது என்ன வந்தது என்று தேதியோடு எழுதிய தாளும் வேண்டும், அந்த விக்கல் உட்பட. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நோய்க்குத் தரும் மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும். முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தை யோசிப்பார்.