பாண்டில ரூம் போட்டு ஏமாந்தா கேஸ் கடலூர்லயே போடலாம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கற ஒருத்தர் பாண்டில ரூம் புக் பண்றாருன்னு வைங்க, போட்டோல பால்கனிக்கு நேரா கடல், போய் ஜன்னலத் திறந்தா பக்கத்து பில்டிங் செவுரு. புதுச்சேரி வேற கவர்மென்ட்டு, அங்க போய் யாரு அலையறதுன்னு முக்காவாசி பேர் விட்டுடறாங்க. பழைய 1986 சட்டத்துல அது ஓரளவு உண்மைதான், எதிர்பார்ட்டி இருக்கற ஊர்லயோ பிரச்சனை நடந்த ஊர்லயோதான் போடணும். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2020 ஜூலை 20ல அமலுக்கு வந்துச்சு, அதுலேர்ந்து நாம குடியிருக்கற ஊர்லயே, இல்ல வேலை பாக்கற ஊர்லயே போடலாம். அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டுட்டா நாம பாண்டிக்கு அலைய வேண்டாம், பஸ் ஏறி வர வேண்டியது ஓட்டல்காரர்.

ஃபேன் வாங்கினா கடையிலயே சுத்தவிட்டுப் பாத்துடலாம். ரூம், கல்யாண கேட்டரிங், கோச்சிங் சென்டர் இதுக்கெல்லாம் காசு கட்டறப்ப கையில எதுவும் வராது, அவங்க சொல்ற வாக்கு மட்டும்தான். பிபிஏ படிக்கற பசங்க சர்வீஸ் மார்க்கெட்டிங்ல மொதல்ல படிக்கறதே இததான், தொட்டுப் பாக்க முடியாதத விக்கணும்னா கண்ணுக்குத் தெரியற மாதிரி எதாவது காட்டணும், அதான் அந்த போட்டோ, யூனிஃபார்ம், ரிசப்ஷன்ல பூந்தொட்டி எல்லாம். சட்டமும் அதே எடத்துலதான் புடிக்குது: சொன்ன தரத்துல, சொன்ன விதத்துல செய்யலன்னா அது சேவை குறைபாடு, தெரிஞ்சே தகவல மறைச்சாலும் அதுல சேரும். அதனால புக் பண்ற அன்னிக்கே அந்த போட்டோ, வாட்ஸ்அப் சாட், அட்வான்ஸ் ரசீது எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அப்புறம் போட்டோவ மாத்திடுவாங்க. பில் கேட்டும் தரலன்னா அதுவே தனியா ஒரு தப்பு, முறையற்ற வணிகம்னு சட்டத்துல இருக்கு.

ஓட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தானா சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லலாம். கட்டாயமா வாங்கக்கூடாதுன்னு 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னுடுச்சு. ஜிஎஸ்டி வேற, அத கட்டித்தான் ஆகணும்.

ஃப்ரீயா செஞ்சு குடுத்ததுக்கு கேஸ் போட முடியாது. காசு வாங்கற டாக்டர் மேல போடலாம், 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, ஆனா வக்கீல் மேல முடியாதுன்னு 2024 மே மாசம் அதே கோர்ட் தீர்ப்பு, எனக்கென்னவோ இது ஒத்துக்கவே முடியல.

செலவ நெனச்சு பயப்படாதீங்க. நாம கட்டின காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸே கெடயாது, கேக்கற நஷ்ட ஈட்ட வச்சு கணக்கு இல்ல, கட்டின தொகைதான் கணக்கு. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம். வக்கீல் வைக்காம நாமளே பேசலாம், அரசாங்கத்தோட இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்லேர்ந்தே ஃபைல் பண்ணலாம். பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும், அதுக்கு மேல போனா தாமதத்துக்கு சரியான காரணம் காட்டணும்.

சின்ன தொகைன்னா மொதல்ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, அங்கயே கம்பெனிகிட்ட பேசி நிறைய முடிஞ்சிடும். அங்க முடியலன்னாதான் ஆணையம்.