நம்பர் எழுதிய காகிதத்தோடு வாருங்கள்

குடும்ப வரலாற்று நாள் நடத்தலாம் என்று குழு கூடினால் முதலில் எழும் கேள்வி, யாரைப் பேச அழைக்கலாம் என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வரலாற்று ஆவணங்களுக்கென்றே இருக்கும் ஒரு சிறிய நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தில் பேச்சாளரைக் கடைசி வாரத்தில் முடிவு செய்தால் போதும், ஆள் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. வருகிறவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது, அதை உட்கார்ந்து வாசிக்க நம்மிடம் ஆள் இருக்கிறதா, இந்த இரண்டில்தான் அந்த நாளே அடங்கியிருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர், பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்று ஒரே வரியில் பதிந்து வைத்தார்கள். கூலிகளைக் கணக்கு வைத்துக்கொள்ள எழுதிய பட்டியல்தான், அவர்கள் மேல் அக்கறைப்பட்டு எழுதியதில்லை. ஆனால் இன்று ஒரு கொள்ளுப்பேரனுக்குத் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல அதைவிட்டால் பெரும்பாலும் வேறெதுவும் இல்லை. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் தேடும்படி ஆக்கியிருப்பதால், நம்பர் மட்டும் தெரிந்துவிட்டால் மீதி வேலை சில நிமிடம்தான். நம்பர் தெரியாமல் முனியன் என்றோ பெருமாள் என்றோ தேடினால் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கும், அதில் நம் முனியன் யாரென்று எப்படிச் சொல்வது?

அதனால் அறிவிப்பில் ‘உங்கள் வேர்களைத் தேடுங்கள்’ என்று போடாதீர்கள், அதைப் படித்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். பாட்டியின் கல்யாணச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புப் பதிவு, தாத்தா இறந்தபோது கொடுத்த தாள் எதுவானாலும் ஒரிஜினலை எடுத்து வாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அதையும் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே கேளுங்கள், ஏனென்றால் அந்தக் காகிதம் பெரும்பாலும் இன்னொரு ஊரில் இருக்கும் பெரிய அத்தையின் பீரோவில்தான் இருக்கும். ஒரிஜினல் எதற்கென்றால், ஓரத்தில் மங்கலாக எழுதியிருக்கும் அந்தக் கப்பல் பட்டியல் நம்பர் ஜெராக்ஸில் விழாது. ஒன்றுமே இல்லை என்று சொல்லும் குடும்பங்களும் நிறைய. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் வருடத்துக் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனில் கேட்டோ மேனர் மாதிரி இடங்களிலிருந்து வீட்டைக் காலி செய்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனவர்கள் எத்தனையோ பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளில் உள்ள இறப்பு அறிவிப்பில் தாய் தந்தை பெயர் இருக்கும், அதை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் எப்படிக் கேட்டு வாங்குவது என்று காட்ட ஒரு மேசை வைத்துவிடுங்கள்.

ஒரு மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் விட்டுப்போன ஒரு கல்யாணச் சான்றிதழ் வருகிறது. பிரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஒரு நம்பர், பெண் பெயருக்குப் பக்கத்தில் அவளுடைய நம்பர். முதல் நம்பரைப் போட்டதும் வரி வந்துவிடுகிறது: வயது இருபத்துச் சொச்சம், வடாற்காடு, கிராமப் பெயர், முழங்காலில் தழும்பு. எல்லோரும் அதோடு நிறுத்திவிடுவார்கள், நிறுத்த விடாதீர்கள். ஒரே குடும்பமாகக் கப்பல் ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த நம்பர்தான் கொடுத்திருப்பார்கள், அதனால் மேலே பத்து வரி, கீழே பத்து வரி வாசித்துப் பார்க்க வேண்டும். அப்பா பெயர், ஊர் இரண்டும் ஒத்துப்போகிற ஒரு சின்னப் பிள்ளை அடுத்த வரியில் இருக்கும், அப்படி ஒரு பிள்ளை இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் தன்னார்வலர் வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும்.

தமிழ் தெரிந்த தன்னார்வலர் இங்கேதான் தேவை. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், பேரப்பிள்ளைகள் அதை ஆங்கிலமாகவே வாசிக்கிறார்கள். கோவெண்டர் என்ற பெயருக்குள் கவுண்டர் இருப்பதும் மூட்லி என்பதற்குள் முதலி இருப்பதும் தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். மூன்சாமி, ராம்சாமி போன்ற குடும்பப் பெயர்கள் பல நேரம் கப்பலில் வந்த ஆளின் சொந்தப் பெயர்தான், அதையே முதலில் தேடிப் பார்க்கலாம். மாவட்ட விஷயத்திலும் கவனம் வேண்டும். பட்டியலில் வடாற்காடு என்றிருந்தால் எல்லோரும் நேராக வேலூருக்கு டிக்கெட் போடுகிறார்கள். சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்ததே 1911-இல்தான், அதற்கு முன்னால் கப்பல் ஏறியவரின் ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை பக்கமும் இருக்கலாம். புதூர், நல்லூர் என்ற பெயர்களில் எத்தனை ஊர் இருக்கின்றன! இந்தச் சிக்கலில் எனக்கு அதிகம் கைகொடுத்தது குலதெய்வம்தான். வீட்டில் எந்தச் சாமிக்குக் காசு முடிந்து வைப்பார்கள் ஆயா என்று கேட்டால், ஊர்ப் பெயரை மறந்துவிட்டவர்கள்கூட அதைச் சொல்லிவிடுவார்கள்.

பெரியவர்களிடம் பேசுவதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து அறையில், கதவைச் சாத்தி, ஒருவர் கேட்க ஒருவர் பேசட்டும். வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்றால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். எந்தத் தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தீர்கள், மவுண்ட் எட்ஜ்கம் கரும்புத் தோட்டமா, டோங்காட் தோட்டமா, கூழ் ஊற்றும்போது பானை யார் வீட்டிலிருந்து போகும் என்று கேளுங்கள், அப்புறம் அவர்களே போய்க்கொண்டிருப்பார்கள். பதிவு செய்யுமுன் சம்மதம் வாங்குங்கள், எழுத்தில்.

போட்டோக்களை நூலகத்துக்கென்று வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அங்கேயே ஸ்கேன் செய்து அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அழுந்தித் தெரியும். டீயும் சமோசாவும் வேறு மேசையில்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எவருடைய பட்டியல் வரியையும் பெரிய திரையில் போட்டுக் காட்டாதீர்கள். அதில் சாதி இருக்கிறது, கூட வந்த பெண் மனைவியா இல்லையா என்ற குறிப்பு இருக்கலாம், பிடித்த நோயும் இறந்த தேதியும் இருக்கலாம். அதை முதலில் வாசிக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்குத்தான், கூட்டத்துக்கு முன்னால் வாசித்துக் கைதட்டல் வாங்குவதை நான் எப்போதும் தடுப்பேன். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் பிறந்த தேதியும் சுவரில் ஒட்டும் வம்ச மரத்தில் வரவே கூடாது. பட்டியலில் இல்லாதவர்களும் உண்டு, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வந்த வியாபாரக் குடும்பங்கள் இதில் இருக்கமாட்டார்கள், வாசலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் நாள் வீணாகாது.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராமப் பெயரோடு கிளம்பி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் பேச வராது. ஊருக்குள் நுழைந்து எங்கள் கொள்ளுத் தாத்தா வீடு எது என்று கேட்டதும், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று பயந்து ஊர் வாயை மூடிக்கொள்கிறது, பயம் நியாயமானதுதான். கூட இருந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் அதை முதல் வார்த்தையிலேயே தீர்த்துவிடுங்கள்: சொத்துக்காக வரவில்லை, குலதெய்வக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று. பூசாரி வீட்டில் தொடங்குங்கள், அவருக்கு அப்பா வழி, தாத்தா வழியாகக் கோயிலுக்கு வரி கொடுப்பவர்களின் பெயர் தெரியும். கேட்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வந்தவர்களின் போன் நம்பரையும் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு எதுவும் சொல்லாத ஊரிலிருந்து சில மாதம் கழித்துப் போன் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.